முகாம் அடுப்பும் வெப்பவியலும்

சாரணர் முகாமிலோ நாட்டு நலப்பணித் திட்ட முகாமிலோ சமையல் பொறுப்பை மாணவர்களிடம் ஒப்படைத்தால் பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கும். அடியில் சோறு கருகும். மேலே அது அரிசியாகவே நிற்கும். அல்லது, கொண்டுவந்த விறகெல்லாம் தீர்ந்த பிறகும் பருப்பு வேகாமல் கிடக்கும். பசியோடு சுற்றி நிற்பவர்கள், "விறகு சரியில்லை", "அரிசி பழசு", "காற்று எதிராக அடிக்கிறது" என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள்.

உண்மையான காரணத்தை உங்கள் இயற்பியல் பாடநூலில் 'வெப்பம்' என்ற தலைப்பின் கீழ் நீங்கள் ஏற்கெனவே படித்திருக்கிறீர்கள். கடத்தல், சலனம், கதிர்வீசல், உள்ளுறை வெப்பம் என்று தேர்வுக்காக மனப்பாடம் செய்த சொற்கள் அத்தனையும் மூன்று கல் அடுப்பில் ஒருங்கே வேலை செய்கின்றன. அவற்றைப் புரிந்துகொண்டு அடுப்பைக் கையாண்டால் குறைந்த விறகில் சுவையான உணவு சமைக்கலாம். எப்படி என்று பார்ப்போம்.

விறகு எப்படி எரிகிறது?

"இதென்ன கேள்வி? தீ வைத்தால் எரிகிறது" என்பீர்கள். ஆனால், விறகு நேரடியாகச் சுவாலை விட்டு எரிவதில்லை. அது மூன்று கட்டங்களைக் கடக்கிறது.

முதற்கட்டத்தில், விறகிலுள்ள ஈரம் ஆவியாகி வெளியேறுகிறது. இரண்டாம் கட்டத்தில், வெப்பநிலை 200 டிகிரி செல்சியசைத் தாண்டி உயர உயர, விறகின் பொருள் சிதைந்து எரியக்கூடிய வாயுக்களாக வெளிவருகிறது. உலர்ந்த விறகின் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு இவ்வாறு வாயுவாகி விடும். இவ்வாயுக்கள் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து எரிவதைத்தான் சுவாலையாகப் பார்க்கிறோம். மூன்றாம் கட்டத்தில் எஞ்சியிருப்பது கரி. அது சுவாலையின்றி, புகையின்றி, செந்தணலாகக் கனன்று எரிகிறது.

அப்படியானால் புகை என்பது என்ன? எரிந்திருக்க வேண்டிய பொருள் எரியாமல் தப்பி ஓடுவதே புகை. வாயு வெளிவந்த இடத்தில் போதிய சூடு இல்லாவிட்டாலும், போதிய காற்று இல்லாவிட்டாலும் அது எரியாது, புகையாகிவிடும். உங்கள் கண்ணில் நீர் வரவழைக்கும் புகை, உங்கள் பானைக்குச் சேர வேண்டிய வெப்பம் என்பதை நினைவில் வையுங்கள்.

செய்து பாருங்கள்: ஒரு மெழுகுவத்தியை ஏற்றிச் சில நிமிடங்கள் எரியவிட்டு, மெல்ல ஊதி அணையுங்கள். திரியிலிருந்து வெண்ணிறப் புகை நூலாக எழும். எரியும் தீக்குச்சியை, திரியைத் தொடாமல், அந்தப் புகை நூலில் காட்டுங்கள். சுவாலை புகை வழியே கீழிறங்கித் திரியைப் பற்றிக்கொள்ளும். புகை ஓர் எரிபொருள் என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டியதில்லை. (காற்றோட்டம் இல்லாத இடத்தில், பெரியவர் ஒருவர் உடனிருக்கச் செய்க.)

ஈர விறகின் தீமையும் இப்போது விளங்கும். 1 கிலோ ஈர விறகில் 400 கிராம் நீர் இருப்பதாகக் கொள்வோம். 30 டிகிரியிலுள்ள அந்நீரை 100 டிகிரிக்கு உயர்த்தி ஆவியாக்க, கிராமுக்கு 70 + 540 = 610 கலோரி வீதம் 244 கிலோகலோரி வீணாகும். அதைவிடப் பெரிய நட்டம் வேறொன்று. வெளிவரும் நீராவி சுவாலையைக் குளிர்விக்கிறது. அதனால் வாயுக்கள் பற்றாமல் புகையாகப் போய்விடுகின்றன. ஆகவே, விறகு வெட்டியதும் அடுப்பில் வைக்கக்கூடாது. உலர்ந்து தானே விழுந்த கிளைகளைப் பொறுக்குங்கள். ஒடித்தால் 'படக்'கென்று ஒடிய வேண்டும். வளைந்தால் அது ஈரம்.

தீ மூட்டுவதற்கு மண்ணெண்ணெய் ஊற்றுவது ஆபத்து, தேவையும் இல்லை. காய்ந்த பனையோலை, தென்னம்பாளை, தேங்காய் நார் இவற்றை அடியில் வைத்து, அதன்மேல் விரல் பருமனுக்குக் குறைந்த சுள்ளிகளை இடைவெளி விட்டு அடுக்குங்கள். மெல்லிய பொருளுக்கு எடையைவிடப் பரப்பு அதிகம். அது விரைவில் சூடாகும்; காற்றும் எளிதில் சேரும். பருத்த கட்டைக்குச் சுள்ளி முழுவதும் பற்றிய பிறகே முறை வரும்.

கற்களை எப்படி வைப்பது?

ஒரே உயரமுள்ள மூன்று கற்கள் போதும். எந்தத் தளத்திலும் மூன்று புள்ளிகள் ஆடாமல் நிற்கும். நான்காவது கல் வைத்தால் பானை ஆடும். ஆனால், ஆற்றுப் படுகையிலிருந்து அப்போதே எடுத்த ஈரக்கற்களை வைக்காதீர்கள். கல்லின் நுண்துளைகளில் தங்கிய நீர் ஆவியானால் அதன் பருமன் ஆயிரம் மடங்குக்கு மேல் பெருகும். வெளியேற வழியின்றிப் போனால் கல் வெடித்துச் சிதறும்.

பானைக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவாக இருக்கட்டும். இடைவெளி மிகுந்தால் சுவாலை பானையைத் தொடாமல் காற்றில் வீணாகும், கதிர்வீசலும் குறையும். இடைவெளி மிகக் குறைந்தால் குளிர்ந்த பானையில் சுவாலை மோதி, பாதி எரிந்த நிலையிலேயே அணைந்து, கரியாகப் படியும். விறகு செருகும் வாயைக் காற்று வரும் திசை நோக்கி வையுங்கள். மற்ற இரு பக்கங்களையும் களிமண்ணால் அடைத்துவிட்டால் பக்கவாட்டில் வெப்பம் சிதறுவது பெரிதும் குறையும்.

திறந்த நெருப்பு எவ்வளவு வெப்பத்தை வீணாக்குகிறது என்பதை முதலில் அறிவியல் முறைப்படி ஆராய்ந்தவர்களில் ஒருவர் ரம்ஃபோர்டு பிரபு (1753–1814). பீரங்கிக் குழாய்களைத் துளையிடும்போது தோன்றும் வெப்பத்தைக் கண்டு, வெப்பம் ஒரு பொருளன்று, இயக்கமே என்று 1798இல் வாதிட்டவர் அவரே. மியூனிக் நகரில் ஏழைகளுக்குக் கஞ்சி வழங்கும் பணியை மேற்கொண்டபோது, விறகுச் செலவைக் குறைக்கச் சமையலறை அடுப்புகளையே மாற்றியமைத்தார். நெருப்பைச் சுற்றிச் சுவர் எழுப்புவதும், பானையை மூடிச் சமைப்பதும் அவர் வலியுறுத்திய முறைகள்.

பெருந்தீ வைத்தால் விரைவில் வேகுமா?

பானையில் நீர் கொதிக்கத் தொடங்கியதும் ஒருவர் ஓடிவந்து மேலும் இரண்டு கட்டைகளைச் செருகுவார். 'தளதள'வென்று கொதித்தால் சீக்கிரம் வெந்துவிடும் என்பது அவர் எண்ணம். இது சரியா?

கொதிக்கும் நீரின் வெப்பநிலை, கடல்மட்டத்தில், 100 டிகிரி. அடியில் எவ்வளவு பெரிய தீ வைத்தாலும் அது 101 டிகிரி ஆகாது. கூடுதலாகத் தரும் வெப்பம் முழுவதும் நீரை ஆவியாக்கவே செலவாகிறது. அரிசி அறிவது தன்னைச் சூழ்ந்த நீரின் வெப்பநிலையைத்தான். அடுப்பிலுள்ள தீயின் அளவை அன்று. மெல்லக் கொதித்தாலும் துள்ளிக் கொதித்தாலும் அது வேகும் நேரம் ஏறத்தாழ ஒன்றே.

இதை ஒரு கணக்கினால் தெளிவாக்கலாம். பதினாறு பேருக்குக் கூட்டாஞ்சோறு சமைக்கிறோம். அரிசியும் பருப்பும் சேர்த்து 2 கிலோ, காய்கறி 1 கிலோ, தண்ணீர் 6 லிட்டர். காய்கறியின் பெரும்பகுதி நீரே. ஆகவே நீராகக் கணக்கிடத்தக்கது மொத்தம் 7 கிலோ. தானியத்தின் தன்வெப்பம் ஏறத்தாழ 0.4. தொடக்க வெப்பநிலை 30 டிகிரி.

நீருக்கு: 7 × 70 = 490 கிலோகலோரி.
தானியத்துக்கு: 2 × 0.4 × 70 = 56 கிலோகலோரி.
ஆக, எல்லாவற்றையும் கொதிநிலைக்குக் கொண்டுவர 546 கிலோகலோரி போதும்.

இனி, பானையைத் திறந்துபோட்டுத் துள்ளவிட்டு 1 லிட்டர் நீரை ஆவியாக்கிவிட்டால்? அதற்கு மட்டும் 540 கிலோகலோரி! பானையிலுள்ள அனைத்தையும் கொதிக்க வைக்கத் தேவைப்பட்ட வெப்பத்துக்கு இணையான வெப்பம் ஆவியாகப் பறந்துவிட்டது.

உலர்ந்த விறகு 1 கிலோ எரிந்தால் சுமார் 3,500 கிலோகலோரி வெப்பம் கிடைக்கும். திறந்த மூன்று கல் அடுப்பில் அதில் நூற்றுக்குப் பத்துப் பங்குதான் பானைக்குச் சேரும் என்று கொள்வோம். அதாவது 350 கிலோகலோரி. பானை ஏற்கும் வெப்பத்தையும், அதன் பக்கங்கள் வழியே வெளியேறும் வெப்பத்தையும் கணக்கில் கொள்ளாமல் விட்டால், முதல் வேலைக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ விறகு வேண்டும். ஆவியையும் சேர்த்தால் மூன்று கிலோ ஆகிவிடும். ஆவியாவதை முற்றிலும் தவிர்க்க இயலாதுதான். ஆனால், ஒரு மூடியும் அளவான தீயும் எவ்வளவு விறகை மிச்சப்படுத்தும் என்பது தெரிகிறதல்லவா?

கூட்டாஞ்சோறு

இனிச் சமைக்கலாம். அரிசி ஒன்றரைக் கிலோ, பாசிப்பருப்பு அரைக் கிலோ. கத்தரிக்காய், முருங்கைக்காய், வாழைக்காய், சின்ன வெங்காயம் எல்லாம் சேர்த்து ஒரு கிலோ. பச்சை மிளகாய், மஞ்சள்தூள், சீரகம், தேங்காய்த் துருவல், கறிவேப்பிலை, சிறிது புளி, உப்பு, நல்லெண்ணெய் ஆகியவை தேவைக்கேற்ப.

முதலில் பருப்பைப் பொன்னிறமாக வறுத்துக்கொள்ளுங்கள். அரிசியை அரை மணி நேரம் ஊறவையுங்கள். நீர் முன்னரே உள்ளே புகுந்துவிட்டால் வேகும் நேரம் குறையும். பானையின் வெளிப்புறத்தில் மண்ணையோ சாம்பலையோ குழைத்து மெல்லப் பூசிவிட்டால், படியும் கரியைப் பிறகு எளிதாகக் கழுவலாம்.

தண்ணீரைக் கொதிக்கவிட்டுப் பருப்பையும் மஞ்சள்தூளையும் போடுங்கள். பருப்பு பாதி வெந்ததும் அரிசி, காய்கறி, மிளகாய் சேருங்கள். புளியை மட்டும் இப்போது சேர்க்காதீர்கள். பருப்பு, காய்கறிகளின் செல்களை ஒன்றோடொன்று பிணைத்து நிற்பது 'பெக்டின்' என்னும் பொருள். அது கரைந்தால்தான் காய் மெத்தென்று வேகும். புளியிலுள்ள அமிலம் பெக்டின் கரைவதைத் தடுக்கும். 'பருப்பு வெந்த பிறகு புளியை ஊற்று' என்று வீட்டில் சொல்வது அனுபவத்தில் கண்ட வேதியியல்.

நீர் மேலே நிற்கும்வரை கவலையில்லை. அடியில் சூடான நீர் மேலேறி, மேலுள்ளது கீழிறங்கி, சலனத்தினால் வெப்பம் எங்கும் பரவும். ஆனால், அரிசி நீரை உறிஞ்சிக் கலவை கெட்டியானதும் சலனம் நின்றுவிடும். அதன்பின் வெப்பம் கடத்தல் மூலமாகவே மேலே செல்ல வேண்டும். சோறோ அரிதிற் கடத்தி. அடியில் சேரும் வெப்பம் மேலே போக வழியின்றி, அடிச்சோற்றின் நீர் வற்றி, வெப்பநிலை 100 டிகிரியைத் தாண்டும், சோறு கருகும். மேலேயோ அரிசி அரிசியாகவே இருக்கும்! முகாம்களில் நடக்கும் விபத்து முழுவதும் இந்தக் கட்டத்தில்தான் நடக்கிறது.

ஆகவே, கலவை கெட்டியாகத் தொடங்கியதும் புளிக்கரைசலையும் உப்பையும் சேர்த்து, ஒருமுறை அடிவரை கிளறிவிட்டு, எரியும் கட்டைகளை வெளியே இழுத்துவிடுங்கள். தணல் மட்டும் இருக்கட்டும். பானையை மூடி, மூடியின்மேலும் இரண்டு கரண்டித் தணலைப் பரப்புங்கள். இப்போது மேலிருந்தும் வெப்பம் இறங்கும். இருபது நிமிடம் திறக்க வேண்டாம். பிறகு தேங்காய்த் துருவல், சீரகம், கறிவேப்பிலை, நல்லெண்ணெய் சேர்த்துக் கிளறி இறக்குங்கள்.

விறகு போதவில்லை என்றாலும் வழி உண்டு. மாவுப்பொருள் நீரை ஏற்றுப் பசையாக வேகத் தொடங்குவது ஏறத்தாழ 70 டிகிரியை ஒட்டியே. எனவே, பத்து நிமிடம் கொதித்த பானையை மூடியோடு இறக்கி, சாக்கும் வைக்கோலும் கொண்டு சுற்றி ஒரு கூடைக்குள் புதைத்துவிட்டால், உள்ளிருக்கும் சூடே மிச்ச வேலையை முடித்துவிடும். வைக்கோலின் இடையே அடைபட்ட காற்று வெப்பத்தை எளிதில் வெளியே விடாது. முடிந்ததும் சூட்டோடு உண்டுவிட வேண்டும். மணிக்கணக்கில் வைத்திருக்கக் கூடாது.

தணலில் சுடுவது

பருப்பை வறுத்தபோது எழுந்த மணம் அவித்த பருப்பில் ஏன் இல்லை? மாவுப்பொருளின் சர்க்கரையும் புரதத்தின் அமினோ அமிலங்களும் சேர்ந்து பழுப்பு நிறத்தையும் நறுமணத்தையும் தருவதை 1912இல் பிரெஞ்சு அறிஞர் மெய்யார் விளக்கினார். இந்த வினை விரைவாக நடக்க ஏறத்தாழ 140 டிகிரி வேண்டும். நீருக்குள் இருக்கும்வரை 100 டிகிரியைத் தாண்ட முடியாது. மேற்பரப்பு உலர்ந்தால்தான் சிவக்கும். சுட்ட மக்காச்சோளத்தின் மணத்துக்கு இதுவே காரணம்.

சுடுவதற்குச் சுவாலை உதவாது, தணல்தான் வேண்டும். சுவாலையில் காட்டினால் தோல் கருகும், உள்ளே பச்சையாக இருக்கும். சர்க்கரைவள்ளிக்கிழங்கைத் தணலின்மேல் நேரே வைக்காமல், சூடான சாம்பலில் புதைத்து, அதன்மேல் தணலைப் பரப்புங்கள். சாம்பல் அரிதிற் கடத்தி. வெப்பத்தை மெல்ல மெல்ல உள்ளே விடும். இதில் ஒரு நன்மை உண்டு. கிழங்கிலுள்ள ஒரு நொதி, வெப்பநிலை 60 முதல் 75 டிகிரிக்குள் இருக்கும்போது மாவுப்பொருளை மால்டோஸ் என்னும் சர்க்கரையாக மாற்றுகிறது. மெல்லச் சூடேறும் கிழங்கு இந்த எல்லையில் அதிக நேரம் தங்குவதால் இனிப்பும் கூடுகிறது.

கிழங்குகளை ஒரே பருமனாகத் தேர்ந்தெடுங்கள். வெப்பம் கடத்தலால் நடுப்பகுதியை அடைய ஆகும் நேரம், பருமனின் இருமடியைப் பொறுத்தது. 4 செ.மீ. பருமனுள்ள கிழங்கு 20 நிமிடத்தில் வெந்தால், 8 செ.மீ. கிழங்குக்கு 40 நிமிடம் போதாது. 80 நிமிடம் ஆகும்!

முகாம் மலைமேல் என்றால்

கொடைக்கானல் கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஏறத்தாழ ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் நீரின் கொதிநிலை ஒரு டிகிரி குறையும். அங்கே நீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். துவரம்பருப்பு வேகவே வேகாது போலத் தோன்றும். அங்கு நெருப்பைக் கூட்டிப் பயனில்லை. முன்னிரவே பருப்பை ஊறவைப்பதும், விரைவில் வேகும் பாசிப்பருப்பைக் கொண்டுசெல்வதுமே அறிவுடைமை. அல்லது பிரஷர் குக்கர் வேண்டும். அழுத்தத்தைக் கூட்டிக் கொதிநிலையை உயர்த்தும் அக்கருவியின் முன்னோடியை டெனிஸ் பாப்பின் 1679இலேயே செய்து காட்டினார்.

மறக்கக்கூடாதவை

காப்புக்காடுகளில் தீ மூட்டுவது சட்டப்படி குற்றம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பரவிய காட்டுத் தீயில், மலையேறச் சென்றவர்கள் பலர் உயிரிழந்தனர். காய்ந்த புல்லில் காற்றோடு ஏறும் தீயை மனிதர் ஓடி வெல்ல முடியாது. முகாம் அடுப்பை அனுமதி பெற்ற இடத்தில், புல்லும் சருகும் நீக்கிய வெற்றுத் தரையில் மட்டும் மூட்டுங்கள். அருகில் ஒரு வாளித் தண்ணீர் இருக்கட்டும்.

சாம்பல் மூடிய தணல் அணைந்ததுபோல் தோன்றும். கிழங்கை வேகவைத்த அதே சாம்பல், தணலின் சூட்டை மணிக்கணக்கில் காத்து வைத்திருக்கும். எனவே நீர் தெளித்து, கிளறி, மீண்டும் நீர் ஊற்றி, புறங்கையை அருகில் வைத்துச் சூடு இல்லையென்று கண்ட பிறகே இடத்தை விட்டு நகருங்கள்.

குளிருக்காகத் தணல் சட்டியைக் கூடாரத்துக்குள்ளோ மூடிய அறைக்குள்ளோ வைக்கவே கூடாது. புகையில்லாத தணலும் கார்பன் மோனாக்சைடை வெளிவிடும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் வலுவாக இணையும். உறங்குபவர் விழிக்காமலே போகக்கூடும்.

முகாமில் உங்களுக்குப் புகை இரண்டு நாள் தொல்லை. விறகடுப்பையே நம்பியிருக்கும் வீடுகளில் அது நாள்தோறும், மூன்று வேளையும் உள்ள தொல்லை. வீட்டுக்குள் சூழும் இப்புகையால் உலகில் ஆண்டுதோறும் சுமார் 30 லட்சம் பேர் அகால மரணமடைவதாக உலக நல நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. 1980களில் நம் நாட்டில் புகையில்லா அடுப்புகளைப் பரப்பும் திட்டமும், 2016இல் எரிவாயு இணைப்பு வழங்கும் உஜ்வலா திட்டமும் தொடங்கப்பட்டதன் பின்னணி இதுவே. உங்கள் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ விறகடுப்பு இருந்தால், உலர்ந்த விறகு, பானைக்கு ஒரு மூடி, புகை போக ஒரு வழி என்னும் மூன்றையும் இன்றே ஏற்பாடு செய்ய நீங்கள் உதவலாம்.

சிந்தித்து விடை காணுங்கள்

1. அடி கரிபிடித்த பானையும் பளபளக்கும் புதிய பானையும் ஒரே தணலின்மேல் வைக்கப்பட்டால், எதில் நீர் முதலில் கொதிக்கும்? கரி மிகத் தடித்துப் படிந்துவிட்டால் விடை மாறுமா?

2. காகிதக் கிண்ணத்தில் நீர் ஊற்றி மெழுகுவத்திச் சுவாலையில் காட்டினால், நீர் சூடாகும்; காகிதம் எரியாது. ஏன்? நீர்மட்டத்துக்கு மேலுள்ள காகிதத்தில் சுவாலை பட்டால் என்ன ஆகும்?

3. மேற்கண்ட கணக்கில், களிமண் சுவர் வைத்ததனால் பானைக்குச் சேரும் வெப்பம் நூற்றுக்கு 10 பங்கிலிருந்து 20 பங்காக உயர்ந்தது. ஆவியானது கால் லிட்டர் மட்டுமே. எவ்வளவு விறகு வேண்டும்? (விடை: சுமார் 1 கிலோ.)